வீடு, காணி வாங்கியபோது சட்டத்தரணி விட்ட பிழை: கொழும்பில் நட்டஈடு கேட்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சட்டத்தரணி இல்லை. காணி உறுதிகளை (காணி யாருக்குச் சொந்தம் என்று காட்டும் பத்திரங்களை) தேடும் வேலை செய்பவள். கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் உள்ள சட்டத்தரணிகள் சிலர் தரும் காணி விபரத்தை எடுத்துக்கொண்டு காணிப் பதிவகத்துக்குப் போய், பழைய பதிவேடுகளைப் புரட்டி, அந்தக் காணியின் கதையைக் குறிப்பெடுத்துக் கொடுப்பேன். இந்த வேலைக்கு வந்து பல வருடங்களாகிவிட்டன. வாங்கி முடித்த பிறகு அழுதுகொண்டு வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அவர்கள் கேட்கும் கேள்விகளும் அநேகமாக ஒன்றாகவே இருப்பதால், பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். வழக்குப் போடுவதென்று முடிவெடுத்தால் உங்கள் ஆவணங்களை ஒரு சட்டத்தரணி நேரில் பார்க்கத்தான் வேண்டும்.

எது கவனயீனம், எது வெறும் துரதிர்ஷ்டம்?

காணி வாங்கியதில் நட்டம் வந்தது என்பதால் மட்டும் சட்டத்தரணி குற்றவாளியாகிவிட மாட்டார். அதே வேலையைச் செய்யும் சாதாரணத் திறமையுள்ள இன்னொருவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் இதைக் கவனித்திருப்பாரா? கேள்வி அதுதான். கவனித்திருப்பார் என்றால் அது கவனயீனம்.

இலங்கையில் இதற்கு அடிப்படை ரோமன் டச்சுச் சட்டம். அதில் வரும் அக்குவிலியன் வழக்கின் வழியாகத்தான் கவனயீனத்துக்கு நட்டஈடு கேட்கிறோம். மூன்றை நிரூபிக்க வேண்டும்: அவருக்கு உங்கள் மீது பொறுப்பு இருந்தது, அந்தப் பொறுப்பில் அவர் தவறினார், அந்தத் தவறால் உங்களுக்குப் பண நட்டம் வந்தது. மூன்றாவதில்தான் பலர் வழுக்குகிறார்கள். சட்டத்தரணி தேடவே இல்லை, ஆனால் தேடியிருந்தாலும் ஒன்றும் கிடைத்திருக்காது என்றால் வழக்கு நிற்காது.

ஓர் உதாரணம். விற்றவர் காணியை வங்கிக்கு ஈடு வைத்திருக்கிறார், அது பதிவேட்டிலும் இருக்கிறது. உங்கள் சட்டத்தரணி பார்க்கவில்லை. இது கவனயீனம். ஆனால் 20 வருடத்துக்கு முந்திய ஓர் உறுதியில் யாரோ கள்ளக் கையொப்பம் வைத்து, அது எல்லா இடத்திலும் ஒழுங்காகப் பதிவாகியிருந்தால், அதைக் கண்டுபிடிக்கவில்லை என்று அவரைக் குறை சொல்வது கஷ்டம்.

பதிவகத்தில் அவர் எதைப் பார்த்திருக்க வேண்டும்?

1907ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நொத்தாரிசுகள் கட்டளைச் சட்டம் 31ஆம் பிரிவில், உறுதியை எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசுக்கு (அநேகமாக உங்கள் சட்டத்தரணியேதான் அவர்) நீண்ட விதிப்பட்டியல் ஒன்றைத் தருகிறது. காணி சம்பந்தப்பட்ட உறுதியை எழுத முன்னர் காணிப் பதிவேடுகளைத் தேடி, உரித்து, அதாவது சொந்த உரிமை, எப்படி இருக்கிறது, முன்னர் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பது அதில் ஒன்று. வழக்கத்தில் குறைந்தது 30 வருடத்துக்குப் பின்னோக்கிப் பார்ப்போம்.

பதிவேடு எப்படி இருக்கும் என்று தெரிந்தால் பிழை எங்கே நடக்கிறது என்றும் விளங்கும். ஒவ்வொரு காணிக்கும் ஒரு தொகுதியில் ஒரு பக்கம் உண்டு. அந்தப் பக்கம் நிறைந்ததும் மிகுதி வேறொரு தொகுதிக்குப் போகும். எங்கே போனது என்று ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருப்பார்கள். கடதாசி பழுத்து, மை கரைந்து, ஓரம் உதிர்ந்த பக்கங்களில் அந்தக் குறிப்பு பாதி மட்டும்தான் தெரியும். அவசரமாகத் தேடுபவர் பழைய பக்கத்தோடு நிறுத்திவிடுவார். அதில் எல்லாம் சுத்தமாக இருக்கும். ஈடும் வழக்கும் புதுப் பக்கத்தில் இருக்கும். நான் பார்த்த பிழைகளில் கணிசமானவை இந்த இடத்தில் நடந்தவைதான்.

வழக்குகளையும் பார்க்க வேண்டும். பாகப்பிரிவினை வழக்கு, அதாவது பங்காளிகளுக்குள் காணியைப் பிரித்துத் தரக் கேட்கும் வழக்கு, நடக்கும் காணியில் அந்த வழக்கு பதிவகத்தில் பதிவாகியிருக்கும். 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்படி, அப்படிப் பதிந்த பிறகு வழக்கு முடியும்வரை எழுதும் விற்பனை உறுதிக்குப் பலன் இல்லை. காசு கொடுத்து, முத்திரைத் தீர்வை கட்டி, கையில் அழகான உறுதியும் இருக்கும். காணி இருக்காது.

உறுதி எழுதினார், ஆனால் பதியப் பிந்திவிட்டார். இதற்கும் கேட்கலாமா?

கேட்கலாம். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் 7ஆம் பிரிவுப்படி, பதியாத உறுதி அதே காணிக்குப் பிறகு பெறுமதி கொடுத்து வாங்கி முதலில் பதிந்தவரின் உறுதிக்கு முன் நிற்காது. விற்றவர் அதே காணியை இரண்டாவது ஆளுக்கும் விற்று, அந்த ஆள் அடுத்த நாளே பதிந்துவிட்டால் உங்கள் நிலை என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் ஒரு குழப்பமும் உண்டு. நொத்தாரிசு ஒவ்வொரு மாதமும் 15ஆம் திகதிக்குள் முந்திய மாத உறுதிகளின் இரண்டாம் பிரதிகளைப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். அதை அனுப்பினால் பதிந்ததாகிவிடும் என்று ஆட்கள் நினைக்கிறார்கள். அது வேறு, பதிவு வேறு. உங்கள் அசல் உறுதியில் நாட்புத்தக இலக்கமும் (பதிவகத்தின் அன்றாடப் பதிவுப் புத்தகத்தில் அதற்கு விழுந்த இலக்கம்) பதிந்த திகதியும் முத்திரையோடு இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

எங்கள் உறுதியில் "பதிவேடு தேட வேண்டாம் என்று தரப்பினர் கேட்டுக்கொண்டனர்" என்ற கருத்தில் ஒரு வரி இருக்கிறது. எல்லாம் முடிந்ததா?

அப்படி எழுத்தில் கேட்டால் தேடாமல் விடலாம் என்று சட்டம் விதிவிலக்குத் தருகிறது. அந்த வரி உங்களுக்குப் பாதகம்தான், மறைக்க மாட்டேன். ஆனாலும் அது எந்த மொழியில் எழுதப்பட்டது, உங்களுக்கு யார் விளக்கினார், தேடுவதற்கென்று உங்களிடம் காசு வாங்கினார்களா என்பவற்றைப் பாருங்கள். தேடுதல் கட்டணத்துக்குப் பற்றுச்சீட்டும் தந்து, உறுதியில் தேட வேண்டாம் என்றும் எழுதியிருந்தால் அந்தப் பற்றுச்சீட்டு உங்கள் முக்கிய சாட்சி.

வங்கிக் கடனில் வாங்கினோம். வங்கிச் சட்டத்தரணி எல்லாம் பார்த்துச் சரி என்றாரே?

அவருக்கான கட்டணத்தை நீங்கள் கட்டியிருப்பீர்கள். ஆனால் அவர் அறிக்கை எழுதியது வங்கிக்கு. வங்கியின் கவலை அதன் கடனுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்பதுதான். நீங்கள் முழுக் காணிக்கும் சொந்தக்காரர் ஆகிறீர்களா, பக்கத்து வீட்டுக்காரருக்கு உங்கள் ஒழுங்கையில் வழி உரிமை உண்டா என்பதெல்லாம் அதற்கு அவ்வளவு முக்கியமில்லை. உங்களையும் தன் கட்சிக்காரராக நடத்தினார், அறிக்கையை உங்களுக்கும் தந்தார், நீங்கள் அதை நம்பித்தான் வாங்கப் போகிறீர்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்று காட்ட முடிந்தால் அவர் மீதும் வழக்குக்கு இடம் உண்டு. அது இலகுவான வழக்கு இல்லை. இனி வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து தனியாக ஒருவரை வையுங்கள்.

சட்டத்தரணி எங்கள் சொந்தக்காரர். அவர் மீது எப்படி வழக்குப் போடுவது?

இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு. பேசாமல் இருந்தே கேட்பவர்கள்தான் அதிகம். எங்கள் ஆட்கள் கொழும்பில் வீடு வாங்கும்போது சட்டத்தரணியைத் தேடுவதில்லை, "நம்ம ஆள்" ஒருவரைத் தேடுகிறார்கள். ஊர்க்காரர், பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர், மச்சானின் மச்சான். பிழை வந்தால் வாய் திறக்க முடியாமல் போவதும் அதனால்தான்.

என் அப்பா கொட்டாஞ்சேனையில் 4 பேர்ச் காணியில் ஒரு பழைய வீடு வாங்கினார். உறுதி எழுதியவர் அவருடைய நெடுநாள் நண்பர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிடுவார். நான் அவரை மாமா என்று கூப்பிட்டேன். வாங்கி ஒரு வருடத்தில் நீதிமன்ற அறிவித்தல் வந்தது. காணியில் பாகப்பிரிவினை வழக்கு நடக்கிறதாம். அப்பா அந்தக் கடிதத்தோடு மாமாவிடம் போனார். "நான் பார்த்துக்கொள்கிறேன், நீர் யோசிக்க வேண்டாம்" என்றார் மாமா. அப்பா யோசிக்கவில்லை. பிறகு ஒரு தடவை கேட்டார், அதற்கும் அதே பதில். நட்பு முறிந்துவிடும் என்று எழுத்தில் எதையும் கேட்கவில்லை. மூன்று வருடம் கழித்து வேறொரு சட்டத்தரணியிடம் போனபோது, காலம் கடந்துவிட்டது என்றார்கள்.

இந்த வேலைக்கு வந்த பிறகு ஒரு நாள் அந்தக் காணியின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வழக்குப் பதிவு அங்கே நீல மையில் தெளிவாக இருந்தது. அப்பா கையொப்பம் வைத்த நாளுக்கு ஒன்பது மாதங்களுக்கு முந்திய திகதி. பழுத்த கடதாசியும் இல்லை, உதிர்ந்த ஓரமும் இல்லை. தொகுதியைத் திறந்த யாருக்கும் தெரிந்திருக்கும்.

அதனால்தான் சொல்கிறேன். கடிதம் எழுதுவது சண்டை இல்லை. "அண்ணை, உங்கள் மீது எனக்குக் கோபம் இல்லை, ஆனால் இதை எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்" என்று சொல்லுங்கள். உண்மையாகச் சரி செய்ய நினைப்பவர் அதற்குக் கோபப்பட மாட்டார்.

எவ்வளவு காலத்துக்குள் வழக்குப் போட வேண்டும்?

1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவரையறைக் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு: நட்டத்துக்கான வழக்கை, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்துதான் கணக்கு என்று நம்பிக்கொண்டிருக்காதீர்கள். பாதுகாப்பான வழி, உறுதி எழுதிய நாளிலிருந்தே எண்ணுவது.

ஒப்பந்தத்தை மீறினார் என்ற அடிப்படையில் கேட்டால் காலம் கூடும். எழுத்து ஒப்பந்தம் என்றால் 6 வருடம், வாய்ப்பேச்சு என்றால் 3 வருடம். 2 வருடம் கடந்து வருபவர்களுக்கு மிஞ்சும் கதவு இது. அதனால் அவர் உங்கள் வேலையை ஏற்றுக்கொண்டதைக் காட்டும் கடிதம், மின்னஞ்சல், வட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்க வேண்டாம்.

கோரிக்கைக் கடிதம் அனுப்பினால் காலம் நிற்காது. "பார்த்துச் செய்வோம்" என்ற வாக்குக்கும் நிற்காது.

விற்றவரை விட்டுவிட்டுச் சட்டத்தரணியை மட்டும் பிடிக்கலாமா?

விற்றவரை விடாதீர்கள். அறுதி உறுதியில், அதாவது விற்பனை உறுதியில், உரித்துக்கு உத்தரவாதம் தந்து அதைப் பாதுகாப்பேன் என்று விற்றவர் எழுதியிருப்பார். மூன்றாம் ஆள் ஒருவர் காணிக்கு உரிமை கேட்டு உங்கள் மீது வழக்குப் போட்டால், உடனே விற்றவருக்கு அறிவித்தல் கொடுத்து, வந்து உரித்தைப் பாதுகாக்கச் சொல்ல வேண்டும். அறிவிக்காமல் தனியாக வழக்காடித் தோற்றால் அவரிடம் காசு கேட்கும் உரிமை பலவீனப்படும். அதோடு, நட்டத்தைக் குறைக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்று சட்டத்தரணியின் தரப்பும் கேட்கும்.

விற்றவர் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். கணவரின் கையொப்பம் இல்லை. பிரச்சினையா?

பிரச்சினையாகலாம். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கக் கணவரின் எழுத்துச் சம்மதம் தேவை. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. வீடு வெள்ளவத்தையில் இருக்கிறது என்பதால் தேசவழமை விட்டுப்போகாது, அது ஆளோடு வருவது. கொழும்பில் தமிழருக்கு உறுதி எழுதும் நொத்தாரிசு இதைக் கேட்காமல் விட்டால் அதற்கு நல்ல விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

நான் லண்டனில் இருக்கிறேன், பிரித்தானியக் குடியுரிமை. தெஹிவளையில் வீடு வாங்கித் தந்தார்கள். இப்போது உறுதி செல்லாது என்கிறார்கள்.

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைத் தடை செய்கிறது. இலங்கைக் குடியுரிமையை இழந்துவிட்டு இரட்டைக் குடியுரிமை எடுக்காதவர், பிறந்தது இங்கேயானாலும் அந்தச் சட்டத்துக்கு வெளிநாட்டவர்தான். சில அடுக்குமாடி வீடுகளை, முழுப் பணத்தையும் வெளிநாட்டிலிருந்து முன்கூட்டியே அனுப்பி வாங்கலாம் என்று விதிவிலக்கு உண்டு. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்குத் தடை இல்லை.

உங்கள் கடவுச்சீட்டைக் கேட்டுப் பார்க்காமல் உறுதி எழுதியிருந்தால் அது பெரிய தவறு. அற்றோர்ணித் தத்துவம் (தனக்காகக் கையொப்பம் வைக்கும் அதிகாரப் பத்திரம்) கொடுத்து இங்குள்ள சொந்தக்காரர் மூலம் வாங்கியவர்களுக்கு இது அதிகம் நடக்கிறது, ஏனென்றால் சட்டத்தரணி உங்களைக் காண்பதே இல்லை. எந்த முகவரியிலிருந்து என்ன விபரம் அனுப்பினீர்கள் என்பதைச் சேகரியுங்கள். குடியுரிமையை நீங்களே மறைத்திருந்தால் வழக்கு உங்கள் பக்கம் நிற்காது.

அடுக்குமாடி வீட்டுக்கு முழுக் காசும் கட்டிக் குடியிருக்கிறோம். இன்னும் உறுதி இல்லை.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளில் இப்படிப் பல குடும்பங்கள் இருக்கின்றன. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடிவீட்டு உரித்துச் சட்டத்தின்படி, அந்தக் கட்டடத்தின் கொண்டோமினியம் பிளான் (ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியாகக் காட்டும் வரைபடம்) பதிவானால்தான் தனி வீட்டுக்கு உறுதி எழுதலாம். அதற்கு மாநகர சபை அனுமதிக்கு ஏற்றபடி கட்டடம் கட்டப்பட்டிருக்க வேண்டும். அனுமதி ஐந்து மாடிக்கு, கட்டியது ஆறு என்றால் அங்கேயே சிக்கும்.

கட்டியவர் மீதுதான் முதல் வழக்கு. உங்கள் சட்டத்தரணி பிளான் பதியவில்லை என்பதைச் சொல்லாமல் முழுக் காசையும் கட்ட விட்டிருந்தால் அவரும் பதில் சொல்ல வேண்டும். சொல்லியும் நீங்கள் கட்டினீர்கள் என்றால் அவரைக் குறை சொல்ல முடியாது.

பிளானில் 10 பேர்ச், அளந்தால் 8.6தான். யார் பொறுப்பு?

ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. 1.4 பேர்ச் குறைந்தால் 381 சதுர அடி போகிறது, ஒரு கார் நிறுத்தும் இடத்தை விடப் பெரிது. பிளான் கீறிய அனுமதி பெற்ற நில அளவையாளர்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியவர். ஆனால் அந்தப் பிளானை யார் கீறுவித்தது? விற்றவர் முன்னர் தன் தேவைக்குக் கீறுவித்தது என்றால், உங்களுக்கு அவர் பொறுப்பு என்று காட்டுவது கடினம். வாங்க முன்னர் நீங்களே கூலி கொடுத்து எல்லையைக் காட்டச் சொல்லியிருந்தால் கதை வேறு. முதலில் இன்னொருவரைக் கொண்டு அளந்து, பழைய பிளானின் மேல் புதியதைப் பொருத்திக் காட்டும் அறிக்கை எடுங்கள். அது இல்லாமல் வாய்ப்பேச்சு பயன்படாது.

பெறுமதி மதிப்பீட்டாளர் கூட்டி மதிப்பிட்டுவிட்டார்.

மதிப்பீடு என்பது அபிப்பிராயம். பத்து வீதம் முன்னே பின்னே இருப்பதற்கு வழக்கு இல்லை. இல்லாத மாடியை எண்ணியிருந்தால், வேறு காணியைப் பார்த்திருந்தால் கேட்கலாம்.

எவ்வளவு நட்டஈடு கிடைக்கும்?

பிழை நடக்காமல் இருந்திருந்தால் உங்கள் கையில் என்ன இருந்திருக்குமோ அந்த நிலைக்குக் கொண்டுவருவதுதான் கணக்கு. 2 கோடி ரூபாய்க்கு வாங்கிய வீட்டில் 60 இலட்சம் ரூபாய் ஈடு இருந்து, அதைக் கட்டி மீட்டீர்கள் என்றால் அந்த 60 இலட்சமும் அதற்கான செலவும். உறுதியே செல்லாது போனால் கொடுத்த விலை, கட்டணங்கள், முத்திரைத் தீர்வை. தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். ஆகவே 2 கோடிக்கு 7,99,000 ரூபாய். இதைப் பலர் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். விற்றவரிடம் திரும்பக் கிடைத்த காசு கழிபடும்.

பட்ட மனவேதனைக்கு? இந்த வகை வழக்கில் பண நட்டத்துக்கே ஈடு. மருத்துவர் ஒருவரின் கவனயீனம் பற்றிய வழக்கில் உயர் நீதிமன்றம் 2001இல் அதைத் தெளிவாகச் சொன்னது. நித்திரையில்லாத இரவுகளுக்கு விலை இல்லை என்பது எனக்கும் நியாயமாகப் படவில்லை, ஆனால் சட்டம் அதுதான்.

முதல் வாரத்தில் என்ன செய்ய வேண்டும்?

பதிவகத்தில் சம்பந்தப்பட்ட எல்லாப் பக்கங்களின் உறுதிப்படுத்திய பிரதிகளை எடுங்கள். அசல் உறுதியை "திருத்தித் தருகிறேன்" என்று கேட்டால் பிரதி எடுக்காமல் கொடுக்காதீர்கள். திருத்த உறுதியில் கையொப்பம் வைக்கச் சொன்னால், வேறொரு சட்டத்தரணி வாசித்துச் சொல்லும்வரை வைக்காதீர்கள், ஏனென்றால் சில திருத்தங்கள் பழைய பிழையை நீங்கள் ஏற்றுக்கொண்டதாக ஆக்கிவிடும். காசு போன வழி, சோலைவரிப் பற்றுச்சீட்டு, யார் எப்போது என்ன சொன்னார் என்பதைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள். அப்புறம் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம். எதிர்த்தரப்பிடம் தொழில்சார் காப்புறுதி இருக்கிறதா என்றும் அதில் கேளுங்கள்.

உயர் நீதிமன்றத்துக்கு முறைப்பாடு அனுப்பினால் காசு கிடைக்குமா?

கிடைக்காது. சட்டத்தரணிகளின் ஒழுக்கத்தை உயர் நீதிமன்றம் விசாரிக்கும், நொத்தாரிசின் தவறை பத்தரமுல்லையில் உள்ள பதிவாளர் நாயகம் திணைக்களத்துக்கு எழுதலாம், நில அளவையாளருக்கு 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒரு சபை உண்டு. அவை எல்லாம் அவர்களுடைய அனுமதி பற்றியவை. உங்கள் நட்டஈட்டுக்கு மாவட்ட நீதிமன்றம்தான். முறைப்பாட்டின் முடிவுக்காகக் காத்திருந்து 2 வருடத்தைத் தொலைத்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

புதுக்கடையில் யாரும் எங்கள் வழக்கை எடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

தினமும் முகம் பார்க்கும் ஒருவருக்கு எதிராக நிற்கச் சிலர் தயங்குவது உண்மை. அவரோடு பழக்கமில்லாத, வேறு நகரத்தில் தொழில் செய்பவரைக் கேளுங்கள். வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

வாங்கியவர் அப்பா. இறந்துவிட்டார். பிள்ளைகள் கேட்கலாமா?

பண நட்டத்துக்கான உரிமை அவருடைய சொத்தோடு சேர்ந்தது, அதனால் அவருடைய மரபுரிமைக்குப் பொறுப்பானவர்கள் கேட்கலாம். ஆனால் மரணம் காலக்கணக்கை மறுபடி முதலிலிருந்து தொடக்காது. அப்பாவின் அலுமாரியில் இருக்கும் கோப்பைத் துக்கம் ஆறட்டும் என்று மூடி வைக்காதீர்கள். என் அப்பாவின் கோப்பு ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தது. உறுதி, நீதிமன்ற அறிவித்தல், அதற்கு அடியில் மாமாவுக்கு அப்பா எழுதிய ஒரு கடிதம். முகவரியும் எழுதி, முத்திரையும் ஒட்டியிருந்தது. தபாலில் போடவில்லை.